பதநீருக்கு ஆங்கிலம் என்ன? உடன்குடி வட்டாரத்தில் மொழி கற்றலும் நிலம் அறிதலும்

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசாமல் பாளையில் கட்டினால், காலையில் இறங்குவது பதநீராக இருக்காது; கள்ளாகியிருக்கும். உடன்குடியைச் சுற்றிய பனை விளைகளில் வளரும் பிள்ளைக்கு இதைப் பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பிள்ளையிடம் ஆங்கிலப் பாடவேளையில் இதைச் சொல்லச் சொன்னால் முதல் சொல்லிலேயே நின்றுவிடும். அப்படி நிற்பதைப் பிள்ளையின் குறையாகவே நாம் கணக்கிட்டு வந்திருக்கிறோம். பதநீருக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை என்பதை ஒப்புக்கொண்டால், குறை எந்தப் பக்கம் என்ற கேள்வி எழும். ஆங்கிலக் கல்வி தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பனை சார்ந்த ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். மரத்தைக் குறிக்கும் ‘பால்மைரா’ போர்த்துகீசியத்திலிருந்து சென்றது. கள்ளுக்குரிய ‘டாடி’ இந்தியின் ‘தாடி’யிலிருந்து சென்றது. ‘ஜாகரி’ மலையாளக் கரையின் சர்க்கரை, போர்த்துகீசியர் வாயில் உருமாறிய வடிவம். பனையோடு நாளெல்லாம் கழிக்கும் நம் மக்களிடம் கேட்டு எடுத்த சொல் இவற்றில் ஒன்றுகூட இல்லை. விளைவு என்ன? ‘ஜாகரி’ என்ற ஒரே சொல்லில் கருப்பட்டியும் கரும்பு வெல்லமும் அடங்கிவிடுகின்றன. பதநீரைப் பழைய ஆங்கில நூல்கள் ‘இனிப்புக் கள்’ என்ற பொருளில் குறித்தன. கள் ஆகாமல் தடுத்த ஒன்றைக் கள்ளின் ஒரு வகையாக்கிவிட்டன. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அகராதி வேண்டாம், உடன்குடிப் பிள்ளை போதும்.

நேர்மாறான சான்று ஒன்றும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. குதிரைமொழித் தேரியின் சிவந்த மணலுக்கு ஆங்கிலம் வேறு சொல் தேடவில்லை. ‘தேரி’ என்றே எடுத்துக்கொண்டது. தேரி மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சோய்னரும் ஆல்ச்சினும் 1956இல் கட்டுரை எழுதினார்கள். சாயர்புரமும், உடன்குடிக்கு அண்டையிலுள்ள மெய்ஞ்ஞானபுரமும் அவர்கள் ஆராய்ந்த இடங்களில் அடங்கும். இன்றைக்கும் தொல்லியலார் இக்கருவிகளைத் தேரியின் பெயராலேயே அழைக்கிறார்கள். புவிசார் குறியீட்டுப் பதிவிலும் ‘உடன்குடி பனங்கருப்பட்டி’ என்ற தமிழ்ப் பெயரே நிற்கிறது. ஆங்கில வாக்கியத்துக்குள் நம் சொல் நிற்கலாம். அதைச் சுற்றி விளக்கம் கட்டும் திறன்தான் கற்றுத்தரப்பட வேண்டியது.

கற்பித்தல் முறை என்ற அளவில் இதற்குத் தென்னிந்தியாவிலேயே முன்னோடி உண்டு. மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்–மதராஸ் திட்டம், இலக்கணத்தை வரிசையாகப் புகட்டுவதை விடுத்து, மாணவர் ஒரு பணியைச் செய்துமுடிக்க முனையும்போது மொழி தானே படியும் என்ற கருத்தைச் சாதாரண வகுப்பறைகளில் சோதித்தது. பணிகளை அவர் மூவகையாகப் பிரித்தார்: ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லாதபோது எழும் இடைவெளி, தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகிக்கும் இடைவெளி, கருத்து மாறுபடும் இடைவெளி. ரயில் கால அட்டவணையும் வரைபடமும் அவருக்கு நல்ல கருவிகளாயின. ஆனால் கால அட்டவணையில் மாணவர், ஆசிரியர் இருவருமே விருந்தாளிகள். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியைப் பற்றிப் பேசும்போது நிலைமை புரண்டுவிடுகிறது: ஆசிரியர் வெளியூரார், தெரிந்தவர் மாணவர். தகவல் இடைவெளி நடிப்பாக இல்லாமல் உண்மையாகவே ஏற்படுகிறது.

விடிலிக்குள் நடப்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இறக்கிய பதநீரை வடிகட்டி, காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுகிறார்கள். நுரை பொங்கும், அடங்கும், நிறம் கறுக்கும், பாகு கனக்கும். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். பதம் முந்தினால் இளகும், பிந்தினால் தீயும். இதை ஆங்கிலத்தில் சொல்லப் புகும் மாணவி, நிபந்தனை வாக்கியத்தையும் செயப்பாட்டு வினையையும் தேடிப் போக வேண்டியதில்லை. அவை இல்லாமல் இந்தச் செய்தியைச் சொல்லவே முடியாது. சுண்ணாம்பு ஏன் என்ற கேள்வி நொதித்தல் பற்றிய அறிவியலுக்கு இட்டுச்செல்லும். பனையில் ஆண், பெண் தனித்தனி மரம் என்பது தாவரவியலுக்கு. ‘பதம்’ என்பதை மட்டும் எந்த ஆங்கிலச் சொல்லாலும் முழுதாக மூட முடியாது. பாகின் பக்குவத்தையும் சொல்லையும் தமிழ் ஒரே ஒலியால் குறிப்பதை மாணவர்களிடம் சொல்லிவைக்கலாம்; மொழிபெயர்ப்பு என்பது என்னவென்று அந்த ஒரு இடத்தில் புரிந்துவிடும்.

கருத்து மாறுபாட்டுக்குக் குலசேகரன்பட்டினம் தசரா போதும். விரதமிருந்து மாலையணிந்து, காளியாகவும் குரங்காகவும் குறவராகவும் போலீசாகவும் வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பெற்று முத்தாரம்மன் உண்டியலில் சேர்ப்பவர்கள் செய்வதை ஆங்கிலத்தில் எதுவென்று சொல்வது? மாறுவேடப் போட்டிக்குரிய ஆங்கிலச் சொல் வேண்டுதலை உதிர்த்துவிடும். பிச்சையைக் குறிக்கும் சொல் மரியாதையைக் கெடுக்கும். எந்தச் சொல் எதை இழக்கிறது என்று மாணவர்கள் வாதிட்டால், அது பாடநூலின் பயிற்சிப் பகுதியைவிட ஆழமான மொழிப்பயிற்சி.

இம்முறைக்கு எதிரான வாதங்களில் ஒன்று மிகவும் கனமானது. பனைத்தொழிலின் மேல் சாதி இழிவு நெடுங்காலம் சுமத்தப்பட்டது. பனையேறும் தந்தையின் பிள்ளை வகுப்பில் எழுந்து அதைப் பேச விரும்பாமல் போகலாம். அந்தத் தயக்கத்துக்கு வரலாறு உண்டு. இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்தவர். 1849இல் இப்பகுதிப் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட சிறுநூலோ அம்மக்களைத் தாழ்த்திச் சித்திரித்தது. அச்சமூகத்தின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. நாசரேத் பக்கம் தனித் திருச்சபை கண்ட சட்டாம்பிள்ளை அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். ஆகவே பனையைப் பாடமாக்கும் ஆசிரியர் யாரையும் பெயர் சொல்லி ‘உன் வீட்டுத் தொழில்’ என்று சுட்டக்கூடாது. பேசுவதா, கேட்டிருப்பதா என்பது பிள்ளையின் விருப்பம். ஆனால் இந்த வரலாறே என் வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது. இந்த நிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது ஏராளம்; எழுதியவர் பெரும்பாலும் வெளியார். மேல்வகுப்பு மாணவர்கள் அத்தகைய விவரணை ஒன்றைப் படித்து, எங்கே பிழை என்று ஆங்கிலத்திலேயே மறுத்தெழுதுவது மொழித்தேர்ச்சியின் உயர்ந்த படி.

உள்ளூர்ப் பொருள் மாணவரை உள்ளூருக்குள் முடக்கிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலானபோது அவர்கள் நாடியது பிள்ளை ஊரைத் தாண்டிப் போவதற்கான மொழியை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் இப்போது உலகமே உடன்குடிக்கு வந்துகொண்டிருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28இல் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் இங்கே? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேரே கடல்மேல் போகலாம். வரைபடத்தைக் கையில் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்தக் காரணத்தைத் தானே கண்டுபிடிக்கும். பிரபு சொன்ன ஊகிக்கும் இடைவெளிக்கு இதைவிடப் பொருத்தமான பணி எனக்குத் தெரியவில்லை.

உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையமும் அமைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையில், 2006 அறிவிக்கையின்படி, சுருக்கம் மட்டுமே வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். சாம்பல் எங்கே போகும், வெந்நீர் எந்தக் கடலில் கலக்கும், எத்தனை பனை விழும் என்ற விவரமெல்லாம் ஆங்கில முழு அறிக்கைக்குள் இருக்கும். 2020இல் அந்த அறிவிக்கையைத் திருத்த முன்வைத்த வரைவையே மற்ற மொழிகளில் வெளியிட டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அறிக்கைகள் தமிழில் முழுமையாக வர வேண்டும் என்ற கோரிக்கையை இந்த வாதம் ஒருபோதும் தளர்த்தாது. அது நிறைவேறும்வரை, மணப்பாட்டுக் கடற்கரைப் பிள்ளை அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தையாவது படித்து, தன் ஊர்ச் சுனையும் பனையும் அதில் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் அளவுக்கு ஆங்கிலம் பெற வேண்டும்.

மதிப்பீடு எப்படி என்று கேட்பார்கள். இலக்கணத்தை ஆசிரியர் திருத்தட்டும். செய்தி சரியா என்பதை அவரால் சொல்ல முடியாது. கருப்பட்டி பற்றி எழுதிய ஆங்கிலப் பத்தியை மாணவி வீட்டுக்குக் கொண்டுபோய், வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். “நொரை அடங்குன உடனயா ஊத்துவாவ? இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்லா” என்று விடிலியில் நிற்கும் ஆச்சி சொன்னால், மறுநாள் அந்த ஆங்கில வாக்கியம் மாற வேண்டும்.