கங்காணி: ஆள் சேர்த்தவரே வேலை வாங்கியவர்

ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வது எப்படி என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்க. விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல், நியமனக் கடிதம், முதல் நாள் அறிமுகம் என்று மாணவர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் மனிதவளத் துறை பார்த்துக்கொள்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயா ரப்பர் தோட்டங்களில் இந்த வேலைகளில் பெரும்பகுதியைப் பார்த்தவர் ஒரே ஆள்தான். அவர்தான் கங்காணி.

"ஒப்பந்தக் கூலி முறையைவிடக் கங்காணி முறை சுதந்திரமானது" என்று மாணவர்கள் எழுதுவது உண்டு. அது பாதி சரி. மீதிப் பாதியை எழுதினால்தான் விடை முழுமையாகும்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும்முன் வேலையை விட்டால் அது குற்றம். சிறைக்கும் போக நேரிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டும், ரப்பருக்குப் பால் வெட்ட ஆள் வேண்டும். 1910இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே வழக்கில் இருந்த கங்காணி முறை அதன்பின் முதன்மை வழியானது.

ஊரிலிருந்து லயம் வரை

'கண்காணி' என்பதே 'கங்காணி' ஆனது. இவர் வெளியாள் இல்லை. அதே தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத் துரை அவருக்கு உரிமச் சீட்டு வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு போன்ற மாவட்டங்களில், பெரும்பாலும் தன் சொந்த ஊரிலும் உறவிலும் அவர் ஆள் திரட்டுவார். கிராம முன்சீப் அதற்குச் சான்று தர வேண்டும். பிறகு ஆவடி அல்லது நாகப்பட்டின முகாமில் மருத்துவச் சோதனை, அம்மைத் தடுப்பு. அங்கிருந்து கப்பல். பினாங்கில் இறங்குபவர்கள் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தப்பட்ட பிறகே தோட்டத்துக்குப் போவார்கள். அங்கே லயத்தில் ஓர் அறை கிடைக்கும். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். புது ஆளுக்குப் பணி அறிமுகம் அவ்வளவுதான்.

இந்தச் செலவெல்லாம் யார் தலையில்? முன்பு ஒரு தோட்டம் காசு போட்டு ஆளைக் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் ஆசை காட்டி இழுத்துக்கொள்ளும். இதைத் தீர்க்க 1907இல் ஒரு பொது நிதி உருவானது. பின்னாளில் இதற்கு இந்தியர் குடிபெயர்வு நிதி என்று பெயர். தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த எல்லா முதலாளிகளும் இதற்குப் பணம் கட்டினார்கள். கப்பல் கட்டணம் அதிலிருந்து போனது.

சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று

சட்டப்படி தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விடலாம். ஒப்பந்த முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். மறுக்க முடியாது.

நடைமுறையைப் பாருங்க. ஆள் சேர்த்ததற்குக் கங்காணிக்குத் தரகு கிடைத்தது. அதோடு முடியவில்லை. தன் ஆட்களில் அன்றன்று வேலைக்கு வந்தவர்களை எண்ணி அவருக்குத் தலைக்காசும் கொடுத்தார்கள். ஆகவே ஆள் போய்விட்டால் கங்காணிக்கு நட்டம். ஊரில் கைமாற்றுக் கொடுத்தவர் அவர். பல இடங்களில் கடை வைத்திருந்தவரும் அவர். வேலைக்காட்டில் மேற்பார்வை செய்தவரும் அவரே. அவர் மாமனோ சித்தப்பனோ ஆகவும் இருக்கலாம். அவரை மீறிப் போவது சொந்த ஊரையே பகைத்துக்கொள்வது போல. சட்டம் அவிழ்த்த கட்டை உறவும் கடனும் மீண்டும் போட்டன.

உறவோடு வந்ததால் நன்மையே இல்லையா? இருந்தது. குடும்பமாக வந்தார்கள், கோயில், திருவிழா, பிறகு தமிழ்ப்பள்ளி என்று ஒரு சமூகம் வேர்விட்டது. இதையும் எழுதுங்கள்.

முடிவு

பொருளாதார மந்தத்தால் 1930இல் ஆள்சேர்ப்பு நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தேவைப்படும்போது அழைப்பு, தேவை முடிந்ததும் கப்பல். பின்னர் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரி, கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்தப் பரிந்துரைத்தார். அவருடைய அறிக்கை 1937இல் வெளியானது. 1938இல் தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தபோது, உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது.

மாணவர்களுக்கு

'கொடுமை' என்ற ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். 'சுதந்திரம்' என்றும் முடிக்காதீர்கள். சட்டம் சொன்னதை ஒரு பத்தியிலும் நடந்ததை அடுத்த பத்தியிலும் எழுதி, இரண்டுக்கும் இடையிலான காரணத்தை விளக்குங்கள். தலைக்காசு அதற்கு நல்ல சான்று.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் கலந்துரையாட ஒரு கேள்வி: வேலை வாங்கிக் கொடுத்தவரே கடன் கொடுத்தவராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தால், தொழிலாளி யாரிடம் முறையிடுவார்? முகவருக்குக் கடன்பட்டு இன்று நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். நம் பாட்டன் பூட்டன் கதையை அறிந்த பிள்ளைகள் அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.