ஒட்டுப் போடும் கலை
கணிப்பொறித் திருத்தங்களின் எண்பதாண்டு வரலாறு

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது மனிதன் நெடுங்காலமாக அறிந்த வேலை. ஒட்டுத் துண்டு கிழிசலைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். சுற்றியுள்ள துணி தையலைத் தாங்க வேண்டும். தைத்து முடியும்வரை அந்தத் துணியை யாரும் உடுத்தக் கூடாது. இம்மூன்று விதிகளும் கணிப்பொறிக்கும் பொருந்துகின்றன என்பதைப் பலர் அறியார்.

லேப்டாப் எனப்படும் மடிக்கணிப்பொறியை வைத்திருப்போர் பலரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். "திருத்தங்கள் ஏற்றப்படுகின்றன, அணைக்க வேண்டாம்" என்று திரையில் அறிவிப்பு வருகிறது. எண் மெல்ல ஏறுகிறது. பிறகு, "ஏற்ற முடியவில்லை, பழைய நிலைக்குத் திரும்புகிறோம்" என்கிறது. மறுநாளும் அதே கதை. ஒரு வாரம் கழித்தும் அதே கதை. இது ஏன் நிகழ்கிறது? விடை காண நாம் 1944-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

காகிதத்தில் ஒட்டு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு 'மார்க் 1' என்ற மாபெரும் கணக்கிடும் பொறி இயங்கத் தொடங்கியது. அதற்கான கட்டளைகள் நீண்ட காகித நாடாவில் துளைகளாக இடப்பட்டன. ஓரிடத்தில் துளை தவறாக விழுந்துவிட்டால் நாடா முழுவதையும் புதிதாகத் துளையிட வேண்டுமா? வேண்டாம். தவறான துளையின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். தேவைப்பட்டால் சரியான இடத்தில் புதிய துளை இட்டார்கள். இவ்வாறு ஒட்டுப் போட்ட நாடா ஒன்று இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் உள்ளது. நிரல்களில் செய்யும் திருத்தத்தை ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்று சொல்வது, அதாவது ஒட்டு என்பது, அந்நாளையப் பழக்கத்தையே நினைவூட்டுகிறது.

அன்று திருத்துபவரும் பயன்படுத்துபவரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். ஒட்டு சரியாக அமைந்ததா என்பதைக் கண்ணால் பார்க்கவும் விரலால் தடவவும் முடிந்தது. பின்னர் இந்த நெருக்கம் மறைந்தது. அங்குதான் சிக்கல் தொடங்கியது.

ஒன்றைத் திருத்த மற்றொன்று

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற கணிப்பொறி வரிசையை அறிவித்தது. அதை இயக்க ஒரு பெருநிரல் தேவைப்பட்டது. நினைவகத்தைப் பங்கிடுவது, தட்டில் கோப்புகளை வைப்பது, எந்த வேலை முதலில் நடக்கவேண்டும் என்று முடிவு செய்வது ஆகியவை அதன் பணிகள். இத்தகைய பெருநிரலையே இயக்க முறைமை என்கிறோம். ஐ.பி.எம். உருவாக்கியது 'ஓ.எஸ். 360'. அப்பணியை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், தாம் கற்றவற்றை 1975-இல் நூலாக எழுதினார். அதில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு பிழையைத் திருத்தும்போது புதிய பிழை ஒன்று நுழைந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 20 முதல் 50 வரை உண்டு என்கிறார் அவர்.

இது ஏன்? பெருநிரலின் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. வீட்டில் ஒரு சுவரை இடிக்கும்போது அதனுள் குழாய் போகிறதா, மின்கம்பி போகிறதா என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நிரலிலும் அப்படியே. ஓ.எஸ். 360-இன் அடுத்தடுத்த பதிப்புகளை ஆராய்ந்த பெலாடி, லேமன் என்னும் அறிஞர்கள், பதிப்பு கூடக்கூட ஒவ்வொரு திருத்தமும் தொடவேண்டிய பகுதிகளின் எண்ணிக்கை வெகுவேகமாக வளர்வதைக் கண்டார்கள்.

அக்காலத்தில் ஐ.பி.எம். திருத்தங்கள் காந்த நாடாக்களில் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குத் 'தற்காலிகத் திருத்தம்' என்றே பெயர். எந்தப் பகுதியில் எந்தத் திருத்தம் ஏறியது, அதற்கு முன்னர் எது ஏறியிருக்கவேண்டும் என்று கணக்கு வைப்பதற்கே 1970-களில் தனி நிரல் ஒன்று தோன்றியது. அதில் இருந்த கட்டளைகளின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் பெறு, பிறகு பொருத்து, சோதித்துப் பார்த்தபின் நிலையாக ஏற்றுக்கொள், சரியில்லை என்றால் பழையதை மீட்டுக்கொள். பொருத்துவதும் ஏற்பதும் இரு வேறு செயல்கள் என்ற இந்த எண்ணம் அருமையானது. இன்றைய மடிக்கணிப்பொறி "பழைய நிலைக்குத் திரும்புகிறோம்" என்று சொல்வதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். நமக்கு எரிச்சலூட்டும் அந்த வாசகம் உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

திருத்தாவிட்டால் என்ன ஆகும்?

1998-இல் விண்டோஸ் 98 வெளிவந்தபோது, இணையத்தின் வழியாகத் திருத்தங்களைப் பெறும் 'விண்டோஸ் அப்டேட்' என்ற வசதியும் வந்தது. ஆனால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடவேண்டும் என்று நினைத்தார்கள்.

2001 ஜூன் 18-இல் மைக்ரோசாப்ட் தன் இணையச் சேவை நிரலில் இருந்த ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 19-இல், 'கோட் ரெட்' என்ற கெடுநிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்து, 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணிப்பொறிகளுக்கு மேல் பற்றிக்கொண்டது. மருந்து முன்பே இருந்தது, உண்டவர் குறைவு.

2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' இன்னும் விநோதமானது. அது புகுந்த கணிப்பொறிகள் பல, திரையில் 60 நொடி எண்ணிவிட்டுத் தாமாகவே அணைந்து மீண்டும் தொடங்கின. மருந்தை இணையத்திலிருந்து இறக்கி முடிப்பதற்குள் பொறி அணைந்துவிடும்! முதலில் தீச்சுவர் என்னும் தடுப்பை இயக்கி, கெடுநிரல் வரும் வழியை அடைத்து, அதன்பின்பே திருத்தத்தை ஏற்ற வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது.

2017 மே 12-இல் 'வானாகிரை' பரவியது. அதற்குரிய திருத்தம் மார்ச் 14-ஆம் நாளே வெளிவந்திருந்தது. இருந்தும் இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவமனைக் குழுமங்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கணிப்பொறித் திருத்தம் என்பது சிலருக்கு உயிர் சார்ந்த செய்தி என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

திருத்தினாலும் தீங்கு

அப்படியானால் வருகிற திருத்தங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடலாமா? புரூக்ஸின் கணக்கு மறுபடியும் குறுக்கே வருகிறது. 2008 பிப்ரவரியில் விண்டோஸ் விஸ்டாவுக்கு ஒரு திருத்தம் அனுப்பப்பட்டது. திருத்தங்களை ஏற்றும் நிரலையே திருத்துவது அது. அதைப் பெற்ற சில கணிப்பொறிகள் ஓயாமல் அணைந்து தொடங்கிக்கொண்டே இருந்தன. அதைத் தானாக அனுப்புவதை மைக்ரோசாப்ட் நிறுத்தி வைத்தது.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டது. ஆவணங்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தவர்களின் பழைய கோப்புறையை, வேண்டாத நகல் என்று அது கருதியதே காரணம். முறையிட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவரே என்றது நிறுவனம். ஆனால் அந்த ஒருவருக்கு இழப்பு முழு இழப்புதான். சில நாட்களில் பதிப்பு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-இல் மீண்டும் வெளிவந்தது.

இடம் இல்லாத அறை

திரும்பத் திரும்பத் தோற்கும் திருத்தத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 2024 ஜனவரி 9-இல் வந்தது. விண்டோஸ் 10-க்கான 5034441 என்ற எண்ணுடைய திருத்தம் அது.

விண்டோஸ் உள்ள பல கணிப்பொறிகளில், தட்டின் ஒரு தனிப் பிரிவில் சிறிய விண்டோஸ் ஒன்று உறங்குகிறது. பெரியது எழ முடியாதபோது எழுந்து வந்து பழுது பார்ப்பது அதன் வேலை. இதை மீட்புச் சூழல் என்கிறார்கள். தட்டில் மறைகுறியாக்கிப் பூட்டி வைத்த தகவல்களை, கணிப்பொறியைக் கையில் பெற்ற ஒருவர் இந்தச் சூழலின் வழியாக அடைந்துவிடக்கூடிய ஓட்டை இருந்தது. அதை அடைக்கவே திருத்தம் வந்தது.

ஆனால் அதை ஏற்ற, மீட்புப் பிரிவில் 250 மெகாபைட் காலியிடம் வேண்டும். பல கணிப்பொறிகளில் அப்பிரிவு அவ்வளவு பெரிதாக இல்லை. முதன்மைப் பிரிவில் ஏராளமாக இடம் இருந்தாலும் பயன் இல்லை. அடுப்படியில் இடம் போதாதபோது கூடம் காலியாக இருந்து என்ன செய்வது? ஆகவே திருத்தம் தோற்றது. மறுநாள் மீண்டும் முயன்று மீண்டும் தோற்றது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோல்வியின்போது திரையில் வந்த எண் 80070643. இவ்வகை எண்கள் பதினாறை அடியாகக் கொண்ட முறையில் எழுதப்படுபவை. கடைசி நான்கு இலக்கங்களைப் பதின்ம முறைக்கு மாற்றிப் பார்ப்போம். 0643 என்பது 6 × 256 + 4 × 16 + 3 = 1603. இதன் பொருள், நிறுவுவதில் கடும் பிழை என்பதுதான். அதாவது, "தோற்றுவிட்டது, ஆகவே தோற்றுவிட்டது" என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை! வந்திருக்க வேண்டியது, தட்டில் இடம் போதவில்லை என்ற செய்தி. பிழையை அறிவிக்கும் பகுதியிலேயே பிழை இருந்ததால் தவறான எண் வந்தது என்று மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. மீட்புச் சூழலே அமைக்கப்படாத கணிப்பொறிகளிலும் இப்பிழை தோன்றியது. அவர்களுக்குத் திருத்தமே தேவையில்லை.

தீர்வு என்ன? மீட்புச் சூழலை முடக்கி, முதன்மைப் பிரிவை 250 மெகாபைட் சுருக்கி, பழைய மீட்புப் பிரிவை நீக்கிப் பெரிதாக மறுபடி அமைத்து, சூழலை மீண்டும் இயக்க வேண்டும். கட்டளைகளைக் கையால் தட்டிச் செய்யவேண்டிய வேலை இது. பிரிவு எண்ணை மாற்றித் தட்டினால் சொந்தக் கோப்புகள் போய்விடும். இதற்குத் தானியங்கித் தீர்வு வராது என்று அந்த ஆண்டிலேயே நிறுவனம் அறிவித்துவிட்டது. நாடாவில் காகிதம் ஒட்டிய பொறிஞரின் வேலை, எண்பது ஆண்டு கழித்து, பயிற்சி இல்லாத வீட்டுப் பயனாளரின் தலையில் விழுந்தது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆனால் அந்நிகழ்ச்சி தரும் பாடம் எல்லா இயக்க முறைமைகளுக்கும் உரியது.

பழுது காணும் முறை

திருத்தம் திரும்பத் திரும்பத் தோற்றால் செய்ய வேண்டுவன என்ன? முதலில், வேறு எதற்கும் முன்பாக, சொந்தக் கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் இடையில் நின்றுவிடாதபடி மின்னேற்றியைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, திருத்தத்தின் எண்ணையும் பிழையின் எண்ணையும் எழுதிக்கொண்டு, அத்திருத்தத்தில் அறியப்பட்ட குறை உண்டா என்று தயாரித்த நிறுவனத்தின் அறிவிப்பில் பார்க்க வேண்டும். குறை நம் கணிப்பொறியில் இல்லாமல் திருத்தத்திலேயே இருக்கலாம். அப்படியானால் நாம் செய்யும் எந்த முயற்சியும் வீண்.

மூன்றாவதாக, இடத்தைப் பார்க்க வேண்டும். புதியது பழையதை நீக்கிவிட்டு வருவதில்லை. இரண்டும் சிறிது நேரம் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு இடமில்லாமற் போவது அடிக்கடி காணப்படும் காரணம்.

நான்காவதாக, இறக்கிய திருத்தம் அரைகுறையாக வந்திருக்கலாம். அது தங்கும் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டால் கணிப்பொறி புதிதாக இறக்கிக்கொள்ளும். அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவது நல்லது. திரும்பி வர வழி இருக்கும். இயக்க முறைமையின் கோப்புகளே சிதைந்திருந்தால், அவற்றைச் சோதித்துச் சீர்ப்படுத்தும் கருவிகள் விண்டோஸிலேயே உண்டு. வெளியே செருகிய தட்டுகளும், வேறு நிறுவனத்தாரின் கிருமி தடுப்பு நிரல்களும் சில வேளைகளில் குறுக்கே நிற்கும்.

இவை அனைத்திலும் முக்கியமான விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிவிட்டு முயன்று பார்க்க வேண்டும். நான்கை ஒருசேர மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்கும் முறையும் இதுவே அன்றோ?

இரண்டு அறைகள்

இந்தத் தொல்லைக்கு வேறொரு விடையும் கண்டிருக்கிறார்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0, இயக்க முறைமைக்கு இரண்டு அறைகளை வைக்கும் முறைக்கு இடமளித்தது. நாம் ஓர் அறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றோர் அறையில் திருத்தம் ஏறுகிறது. அடுத்த முறை தொடங்கும்போது புதிய அறையில் எழுகிறது. எழ முடியாவிட்டால் பழைய அறைக்குத் திரும்பிவிடுகிறது. கூகுளின் குரோம் இயக்க முறைமை இதற்கு முன்பே இவ்வழியைக் கையாண்டது. இதற்கு விலை, கூடுதல் இடம்.

மார்க் 1 நாடாவில் ஒட்டிய காகிதத்தைப் பிடுங்கினால் பழைய துளை அப்படியே இருக்கும். நம்பத்தக்க திருத்த முறைகள் அனைத்தும் இப்பண்பை ஏதோ ஒரு வகையில் காப்பாற்ற முயல்பவையே. மடிக்கணிப்பொறியில் திருத்தம் தோற்றுப் பழைய நிலைக்குத் திரும்பும்போது, அந்தப் பண்பு இன்னும் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். பிழையெண்ணை எழுதிக்கொண்டு, கோப்புகளைப் படி எடுத்துவிட்டு, அடுத்த முயற்சியைத் தொடங்கலாம்.