மூன்று நாள் விருந்து

1964 செப்டம்பர் 10ஆம் தேதி, ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் ஒரு போர்த்துகீசியத் தச்சரை வாத்திய இசையோடு வரவேற்றார்கள். அவர் பெயர் அர்மாண்டோ ரோட்ரிகஸ் டி சா. மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த பத்து லட்சமாவது ‘விருந்தினர் தொழிலாளி’ அவர் என்று அறிவித்து, பூங்கொத்தும் ஒரு மொபெட்டும் பரிசளித்தார்கள். அந்த மொபெட் இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விருந்தினர் என்ற சொல்லிலேயே கெடு ஒளிந்திருக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மூர்க் கணக்கு. ஜெர்மானியர்களின் கணக்கு இரண்டு ஆண்டு. 1955இல் இத்தாலியோடு முதல் ஒப்பந்தம் போட்ட நாடு, 1961இல் துருக்கியோடு போட்டபோது இரண்டு ஆண்டில் திரும்பிவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டது. முதலில் முணுமுணுத்தவர்கள் தொழிலாளிகள் அல்ல, முதலாளிகள். பழக்கிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு முதலிலிருந்து சொல்லித்தருவது யாருக்குக் கட்டுப்படியாகும்? 1964இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

1973 எண்ணெய் நெருக்கடியின்போது அரசு ஆளெடுப்பையே நிறுத்தியது. நடந்ததோ நேர்மாறு. ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாது என்றானதும், இருந்தவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டு இங்கேயே தங்கினார்கள். 1955க்கும் 1973க்கும் இடையே வந்தவர்கள் சுமார் 1.4 கோடி. சுமார் 1.1 கோடிப் பேர் திரும்பினார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று எங்கள் தெருவில் மருத்துவராகவும் ரொட்டிக்கடைக்காரராகவும் இருக்கிறார்கள்.

ஷ்டுட்கார்ட்டில் எங்கள் மேல்வீட்டுத் துருக்கியப் பெரியவர் ஒருமுறை சொன்னார்: “நாளைக்குப் போயிடுவோம்னே முப்பது வருஷம் ஓடிப்போச்சு தம்பி. நல்ல அலமாரி ஒண்ணுகூட வாங்கல. பாஷையும் கத்துக்கல.” கெடு காகிதத்திலிருந்து அழிந்த பிறகும் மனசுக்குள் அப்படியே கிடந்திருக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து ஜெர்மனி பாடம் கற்றதா? 2000 பிப்ரவரியில் ஹனோவர் கணினிக் கண்காட்சியில் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் ‘கிரீன் கார்டு’ திட்டத்தை அறிவித்தார். கணினி வல்லுநர்கள் 20,000 பேர் வரை வரலாம். கணினித்துறைப் பட்டம் வேண்டும், இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் மார்க் சம்பளம் வேண்டும். பெயர் அமெரிக்காவிலிருந்து வாங்கியது, சரக்கு வேறு. அமெரிக்கக் கிரீன் கார்டு நிரந்தரக் குடியிருப்பு. இதற்கு ஆயுள் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. மறுபடியும் அதே விருந்து!

எதிர்க்கட்சியைச் சேர்ந்த யுர்கன் ருட்கர்ஸின் மாநிலத் தேர்தல் பிரச்சாரத்தில் ‘கிண்டர் ஷ்டாட் இண்டர்’ என்ற எதுகை முழக்கம் பிறந்தது. இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகள் என்று பொருள். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார், முழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 2004இல் திட்டம் முடிந்தபோது வழங்கியிருந்தவை ஏறத்தாழ 18,000 அட்டைகள். அவற்றில் இந்தியர்களின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. இடையில் டாட்காம் குமிழி வெடித்து வேலை போனவர்களும் உண்டு. கலிஃபோர்னியா கனவிலிருந்த நம் பையன்களை ஐந்தாண்டு வாக்குறுதி இழுக்கவில்லை என்பதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

மாற்றம் மெல்ல வந்தது. 2005 குடியேற்றச் சட்டம் உச்சத் தகுதி கொண்டவர்களுக்கு முதல் நாளிலேயே நிரந்தர அனுமதிக்கு வழி திறந்தது. 2012 ஆகஸ்டில் ஐரோப்பிய ‘ப்ளூ கார்டு’ வந்தது. 33 மாதத்தில் நிரந்தர அனுமதி. பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில். 2023இல் அந்த 33, 27 ஆனது. கணவனோ மனைவியோ மொழித் தேர்வு இல்லாமல் வரலாம், வந்தவுடன் வேலைக்கும் போகலாம்.

நான் 2016இல் வந்தவன். திருச்சியிலிருந்து அப்பா போனில் சம்பளத்தைக் கேட்கவில்லை. “எத்தனை வருஷத்துக்குடா குடுத்திருக்கான்?” என்றுதான் கேட்டார். 21 மாசம் என்ற இலக்குக்காக, வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்து பெயர்ச்சொற்களின் மூன்று பாலோடு மல்லுக்கட்டினேன். இருக்கப்போகிறோம் என்று தெரிந்தால்தான் ஒருவன் மொழியைப் படிப்பான். மேல்வீட்டுப் பெரியவருக்கு அந்த வாக்குறுதியை யாரும் தரவில்லை. மொழி படிக்காத பழியை மட்டும் அவர் தலையில் கட்டினார்கள்.

2024 அக்டோபரில் டெல்லி வந்த பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ், இந்தியத் திறன்பணியாளர் விசாக்களை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னார். ஒருகாலத்தில் உலகம் முழுமைக்கும் வைத்த எண் அந்த 20,000.

வெளிநாட்டு வேலைக்கு யோசனை கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது இதுதான்: சம்பளத்தை அப்புறம் பாருங்க. எத்தனை மாசத்தில் நிரந்தரம், கூட வர்றவங்க வேலை பார்க்கலாமா, இந்த ரெண்டு வரியை முதல்ல படிங்க. அந்த நாடு உங்களை ஆளாகக் கூப்பிடுகிறதா, கையாக மட்டும் கூப்பிடுகிறதா என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.