இரண்டு வளையமும் ஒரு பையும்

பெண்ணுறையை நேற்று முளைத்த சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். பூர்வீகம் தேடிப் போனால் அது நம்மைக் கிரேக்கப் புராணத்தில் கொண்டுபோய் விடும். கிரீத் தீவு மன்னன் மினோசுக்கு ஒரு சாபம் இருந்தது. அவனோடு சேரும் பெண்கள், அவன் உடலிலிருந்து வெளிப்படும் பாம்பும் தேளும் தீண்டி இறந்துபோவார்கள். புரோக்ரிஸ் என்பவள் ஆட்டின் சிறுநீர்ப்பையை ஒரு பெண்ணின் உடலுக்குள் வைத்து அந்தச் சாபத்தை வென்றாள். இதை எழுதிவைத்தவர் அந்தோனினஸ் லிபெராலிஸ். ஆணுறை வரலாறுகள் இக்கதையோடுதான் தொடங்குகின்றன. ஆனால் கதையில் அந்தப் பை இருந்தது பெண்ணுடலில்!

ஆட்டுப்பையை ஓரங்கட்டியது இறப்பர். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி, ஒட்டாமலும் வெடிக்காமலும் இருக்கச் செய்தார். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் இரண்டாயிரத்தை நெருங்கிய கன்றுகள் கொழும்புக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடத் தோட்டத்தில் வேரூன்றின. அடுத்த ஆண்டு சில கன்றுகள் சிங்கப்பூர் போயின. பின்னர் மலாயாவில் பரந்த தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இவ்வளவு இறப்பர் வந்தும் உறை ஆணுக்குரியதாகவே நின்றது.

பெண்ணின் பக்கம் அதைத் திருப்பியவர் டென்மார்க் வைத்தியர் லாசே ஹெசல். எய்ட்ஸ் அச்சம் உலகைப் பிடித்திருந்த 1980களில் அவர் பொலியூரித்தேன் பையொன்றைச் செய்தார். அதன் இரண்டு வளையங்களில் ஒன்று உள்ளே கருப்பை வாயருகே பையைப் பிடித்துக்கொள்ளும். மற்றது வெளியே நிற்கும். இலண்டனில் உற்பத்தியாகி ஐரோப்பாவில் ஃபெமிடோம் என்ற பெயரில் விற்றது. 1993இல் அமெரிக்க அரசும் அனுமதித்தது. அங்கே வரவேற்பைவிடக் கேலிதான் அதிகம். பிளாஸ்டிக் பை என்றார்கள். சரசரக்கிறது என்று சிரித்தார்கள். விலையோ ஆணுறையைவிடப் பல மடங்கு.

பணக்கார நாடுகள் சிரித்துக்கொண்டிருந்தபோது சிம்பாப்வேப் பெண்கள் கையெழுத்துச் சேகரித்தார்கள். 1996இல் 30,000 கையெழுத்துகளோடு ‘எங்களுக்கும் வேண்டும்’ என்று அரசிடம் போனார்கள். மறு ஆண்டே ‘கெயார்’ என்ற பெயரில் அது வந்தது. சிகையலங்கார நிலையங்களிலும் விற்றது. அங்கேயே இன்னொரு கூத்தும் நடந்தது. சிலர் வளையத்தைக் கழற்றிக் கையில் காப்பாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று 2005இல் செய்தி வந்தது. செனகலில் சரசரப்பே விற்பனைச் சரக்கானது. அங்குள்ள பெண்கள் இடுப்பில் கட்டும் மணிகளின் ஓசை கணவரை மயக்குமாம். அந்த மணிகளோடு சேர்த்தே உறையையும் விற்றார்கள். இலங்கையும் பின்தங்கவில்லை. உறையைப் பொருத்திவிட வாடிக்கையாளரை அனுமதித்து, அதற்கு மேலதிகக் கட்டணம் வாங்கிய பாலியல் தொழிலாளர் பற்றி 2006இல் வந்த ஆய்வுக் கட்டுரையொன்று பதிவுசெய்கிறது.

இனி போட்டியாளர்களின் முறை. சென்னை மெட்டெக் நிறுவனம் இறப்பர்பாலில் ஒன்றைச் செய்தது. உள்வளையத்துக்குப் பதில் ஒரு பஞ்சு. வெளியே முக்கோணச் சட்டம். நாசிக்குக்கு அருகே கியூப்பிட் நிறுவனத்தாரும் பஞ்சையே வைத்து எண்கோணச் சட்டம் போட்டார்கள். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் இடமும் பிடித்தார்கள். ஹெசலின் உறையைத் தயாரித்த நிறுவனத்தாரும் சும்மா இருக்கவில்லை. வைத்தியசாலைக் கையுறை செய்யும் நைட்ரைலுக்கு மாறினார்கள். சத்தமும் குறைந்தது, விலையும் இறங்கியது. கையுறைக்குப் பேர்போன மலேசியாவிலேயே தொழிற்சாலை வைத்தார்கள். அதாவது பால்மர நாட்டிலிருந்து பால் கலக்காத உறை!

இத்தனை ஊர் சுற்றிய பொருளால் என்ன லாபம், என்ன நட்டம்? கர்ப்பத்தையும் பாலியல் நோய்களையும் ஒருசேரத் தடுக்கும். ஹோர்மோன் இல்லை. சில மணி நேரம் முன்பே பொருத்தலாம் என்பதால் கடைசி நிமிட வாக்குவாதம் இல்லை. நைட்ரைல் வகை, இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஏற்றது. நட்டக் கணக்கும் சிறியதல்ல. வழக்கமான பாவனையில் ஓராண்டில் 100 பெண்களில் சுமார் 21 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் அது சுமார் 13. சரியாகப் பொருத்தச் சில தடவை பழக வேண்டும். ஆணுறையோடு சேர்த்துப் போட்டால் உரசிக் கிழியலாம். ஒருமுறை பாவித்ததை வீசிவிட வேண்டும்.

மட்டக்களப்புச் சித்தாண்டியில் இந்த லாப நட்டத்தை எப்படி எடைபோடுவது? மட்டக்களப்பில் பாரம்பரியமாகக் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் இருந்தாலும், உறை வேண்டுமா என்ற முடிவு பெரும்பாலும் கணவரிடமே இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் வழியாகக் கிடைக்கும் குளிசை, ஊசி, லூப் எதுவும் பாலியல் நோயைத் தடுக்காது. தடுக்கும் ஆணுறைக்கோ கணவர் சம்மதிக்க வேண்டும். பெண்ணுறையும் மந்திரமல்ல, வெளிவளையம் கண்ணில் படும், ஆகவே அவருக்குத் தெரியாமல் பாவிப்பது கடினம். ஆனாலும் ‘நீங்கள் போடுங்கள்’ என்று கெஞ்சுவதற்கும் ‘நான் போட்டிருக்கிறேன்’ என்று சொல்வதற்கும் பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்துக்காகத்தான் சிம்பாப்வேயில் 30,000 பேர் கையெழுத்திட்டார்கள். கேட்பாரில்லாத சரக்கை எந்தக் கடைக்காரரும் அடுக்கிவைப்பதில்லை. அடுத்த கிளினிக் நாளில், ‘பெண்ணுறை இருக்கிறதா மிஸ்?’ என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.