குடவோலையும் பூவா தலையாவும்

திருமலையில் சில சேவைகளுக்கான சீட்டுகள் இன்று மின்னணுக் குலுக்கலில் ஒதுக்கப்படுகின்றன. சித்தூரிலோ திருப்பதியிலோ பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர் முடிவைத் திரையில் காண்கிறார். குலுக்கும் கையைக் காண்பதில்லை. அந்தக் கையை எவ்வாறு நம்புவது என்னும் வினா இம்மண்ணுக்குப் புதிதன்று.

வேங்கடத்தை வடக்கே கொண்ட தொண்டை மண்டலத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரிலுள்ள நம்பிமார் ஒருவர் விடாமல் சபையில் அமரவேண்டும். குடத்தை மூத்தவர் அனைவரும் காண உயர்த்திப் பிடிப்பார். ஓலையை எடுப்பவன் உள்ளிருப்பதை அறியாத சிறுவன். அதைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிப்பான். ஒவ்வொரு விதியும் ஒரு சூழ்ச்சிக்கு வைத்த தடை.

சபையும் சிறுவனும் இல்லாமல், தொலைவிலுள்ள இருவர் மட்டும் பூவா தலையா போட இயலுமா? 1981இல் மானுவேல் பிளம் தொலைபேசி வழியே அதற்கொரு முறை தந்தார். முதலாமவர் தம் தேர்வைப் பூட்டிய பெட்டிபோல் மறைகுறியாக்கி அனுப்புவார். மற்றவர் தம் ஊகத்தைச் சொல்வார். பிறகு பெட்டி திறக்கப்படும். ஆனால் முடிவை முதலில் அறிபவர் பெட்டிக்குரியவரே. அது பாதகமாயின் திறவாமல் விலகிவிடலாம். எஞ்சியவர் தனியே நாணயம் சுண்டினால், விலகியவர் விரும்பிய முடிவுக்கான வாய்ப்பு அரையிலிருந்து முக்காலாக உயர்கிறது.

சுற்றுகளைப் பெருக்கினால் இச்சாய்வு குறையும், மறையாது. 1986இல் ரிச்சர்ட் கிளீவ் அதன் எல்லையை நிறுவினார்: r சுற்றுகள் கொண்ட எந்த முறையிலும், இருவரில் ஒருவர் ஏறத்தாழ 1/r அளவிலேனும் முடிவைச் சாய்க்க முடியும். ஏதோ ஒரு சுற்றில் ஒருவர் மற்றவரைவிடச் சற்று முன்னதாக முடிவை உணர்ந்துவிடுகிறார் என்பதே காரணம். அந்த அளவை எட்டும் முறையை, உரிய மறையீட்டு அனுமானத்தின்கீழ், மோரன், நாவோர், செகெவ் ஆகியோர் 2009இல்தான் அமைத்தனர். இடையே 23 ஆண்டுகள்!

பெரும்பான்மையோர் நேர்மையாக இருக்கும் குழுவிலோ இச்சாய்வை முற்றிலும் நீக்கலாம். ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் சேர்ந்து பெட்டியைத் திறந்துவிடுவர். நம்பிமார் அனைவரும் அமர்ந்தே ஆகவேண்டும் என்ற விதியை நான் இவ்வொளியில் வாசிக்கிறேன். கல்வெட்டைப் பொறித்தவர்கள் கிளீவின் தேற்றத்தை அறிந்திருந்தார்கள் என்பதன்று என் வாதம். முடிவைக் கண்டபின் எவரும் எழுந்துபோக இயலாத சபையே நேர்மையான குலுக்கலுக்கு அடிப்படை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மின்னணுக் குலுக்கலை ஆராயும் மாணவர்கள் நிரலுக்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே: இங்கே சபை எது?