கர்ணத்தின் கணக்கு மூட்டை

முதலாம் இராஜராஜன் ஆட்சியில், 1001-ஆம் ஆண்டையொட்டிச் சோழ மண்டலத்து நிலங்கள் கோல்கொண்டு அளக்கப்பட்டு, வேலி என்னும் நில அளவின் அதிநுட்பமான பின்னங்கள் வரையில் கணக்கில் ஏற்றப்பட்டன என்பதற்குக் கல்வெட்டுக்களே சாட்சி. வரி விதிக்கும் அரசனுக்கு நிலத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டில் அத்தனை பழைமையான விஷயம். உழுகிறவனும் அந்தக் கணக்கைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதோ நேற்றுப் பிறந்த எண்ணம்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பிரதேசம் கும்பினியார் வசமான பிறகு, அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும், ஜமீன்தார் என்ற இடையாளை நீக்கிக் குடியானவனோடு சர்க்கார் நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறைக்கு அஸ்திவாரமிட்டார்கள். குடியானவன் கைக்குப் பட்டா வந்தது. ஆயினும், எவருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டாவும், எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று பசலி ஆண்டுதோறும் எழுதும் அடங்கலும் கிராமக் கணக்கரான கர்ணத்தின் வீட்டிலேயே, துணியில் கட்டிய மூட்டையாக இருந்தன. வருஷாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு அந்த மூட்டை தாலுகா கச்சேரிக்குப் போகும், திரும்பி வரும். அதை அவிழ்க்கும் நேரத்தைத் தீர்மானிப்பவர் கர்ணம் ஒருவரே. தன் புல எண்ணைத் தெரிந்துகொள்ளத் திண்ணையோரம் துண்டை இடுப்பில் கட்டிக் காத்து நின்ற மனிதனை நினைக்கும்போது என் மனம் இன்றும் கனக்கிறது.

1895-ஆம் வருஷத்துச் சட்டம் கர்ணம் முதலான கிராமப் பதவிகளின் பரம்பரை பாத்தியதையை உறுதிப்படுத்தியது. வம்சத்தைப் பார்த்துப் பதவி கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. அதுவும் வழக்காகி, 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் அரசின் பக்கமே தீர்ந்தது. பின்னர் வந்தவர்கள்தாம் நாம் வி.ஏ.ஓ. என்றழைக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள்.

மூட்டை முழுவதும் அவிழ்ந்தது அதற்கும் பிறகு, கணினியும் இணையமும் வந்தபோதுதான். 'தமிழ்நிலம்' என்ற பெயரில் ஆவணங்கள் கணினியில் ஏறின. இன்று மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைச் சொன்னால், இ-சேவை மையத்திலோ கைபேசியிலோ பட்டா விவரம் கண்முன் வந்து நிற்கிறது. மன்றோ காலம் தொட்டு நிகழ்ந்த மாறுதல்களுள் குடியானவனுக்கு மிகுந்த கௌரவத்தை அளித்தது இதுவே என்பது என் துணிபு.

எங்கள் ஊர் நிலத்தை நானும் அவ்வாறு தேடினேன். சர்வே நம்பர் சரி, விஸ்தீரணம் சரி, உரிமையாளர் என்ற இடத்திலோ என் பாட்டனாரின் பெயர். அவர் காலமாகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு மனுப்போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏட்டில் எழுதியதைத்தானே இயந்திரம் காட்டும்? பாகம் பிரித்து உட்பிரிவு செய்வதாயின், இன்றைக்கும் நில அளவர் வயலில் இறங்கி அளந்தே ஆகவேண்டும்.

ஆதலால், நிலமுள்ள அன்பர்கள் இன்றே தங்கள் பட்டாவைப் பார்க்க வேண்டுகிறேன். அதில் மறைந்தவர் பெயர் இருந்தால், விவரம் அறிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே மனுவை எழுதிவிடுங்கள்.