புது காருக்கு மேல இன்னொரு தோல் தேவையா? கல் தெறிச்ச பெயின்ட்டின் 200 வருஷக் கதை

1/
போன வாரம் ஓபி முடியுற நேரம். பல வருஷமா என்கிட்ட சுகருக்கு வர்ற ஒரு அண்ணன் கையில ஸ்வீட் பாக்ஸோட வந்தார். 18 வருஷம் அடுத்தவங்க வண்டிய ஓட்டினவர். இப்போ லோன் போட்டு சொந்தமா ஒரு கார் எடுத்து, மஞ்சள் போர்டு மாட்டி ஓட்டப் போறார்.

"சார், ஒரு சந்தேகம். டெலிவரி எடுக்கப் போன இடத்துல, ஹைவேஸ்ல கல் தெறிச்சா பெயின்ட் போயிரும், துரு ஏறிரும், வண்டி வீணாப் போயிரும்னு சொல்றாங்க. செராமிக் கோட்டிங் 22 ஆயிரமாம். பிபிஎஃப்னு ஏதோ பிலிம், முழு வண்டிக்கும் ஒட்டுனா ஒரு லட்சத்துக்கும் மேலயாம். போடணுமா சார்? நீங்களும் போன வருஷம் புது வண்டி எடுத்தீங்கள்ல?"

கண் செக்கப் பண்ணிட்டீங்களான்னு கேட்டேன். "இந்த மாசம் கையில இல்ல சார், அடுத்த மாசம் பாக்கலாம்"ன்னார்.

அந்த பதில்தான் இந்த த்ரெட்டுக்குக் காரணம்.

2/
முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். போன வருஷம் இதே பயத்துல நானும் கையெழுத்து போட்டேன். செராமிக் கோட்டிங். "இனிமே கவலையே இல்ல டாக்டர்"ன்னு சொல்லி சாவியக் கொடுத்தாங்க. மூணாவது வாரம் திண்டிவனம் தாண்டி, தார்ப்பாய் போடாத ஒரு ஜல்லி டிப்பர் பின்னாடி மாட்டினேன். "டிக்"ன்னு ஒரு சத்தம். பானெட் முனையில மிளகு சைஸுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கோட்டிங் அப்படியே இருக்கு, பெயின்ட்தான் இல்ல!

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, கார் பெயின்ட் கதைக்குள்ள பாதி நம்ம மருத்துவ வரலாறு ஒளிஞ்சிருக்கு. வாங்க, பாத்துட்டு வரலாம்.

3/
கார் பெயின்ட்ங்கிறது ஒரே பூச்சு இல்ல. நம்ம தோல் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும்.

அடியில இரும்புத் தகடு. நிறைய வண்டிகள்ல அதுக்கு மேல மெல்லிசா துத்தநாகப் பூச்சு. அதுக்கு மேல மின்சாரத்தால படிய வைக்கிற முதல் பூச்சு. அப்புறம் பிரைமர். அப்புறம் நாம பாத்து ஆசைப்படுற நிறம். கடைசியா கிளியர் கோட்னு ஒரு கண்ணாடிப் பூச்சு.

பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு ஏ4 பேப்பர் தடிமன்னு வெச்சுக்கோங்க. நம்ம உடம்புல பல இடங்கள்ல மேல்தோலும் கிட்டத்தட்ட அதே தடிமன்தான். அவ்வளவு மெல்லிசான ஒண்ணு நம்மள எத்தனை கிருமிகிட்டருந்து காப்பாத்துதோ, அதே மாதிரிதான் இதுவும்.

ஆனா முக்கியமான கேள்வி: தோல்ல கீறல் விழுந்தா ஆள் போயிடுவாரா?

4/
இந்தக் கேள்விக்குப் பதில் கார்லருந்து வரல, கப்பல்லருந்து வந்துச்சு.

1820-கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களோட அடிப்பாகத்துல செம்புத் தகடு அடிச்சிருப்பாங்க. கடல் உப்பு அந்தச் செம்ப அரிச்சுத் தின்னுட்டே இருந்துச்சு. இதுக்கு வழி சொல்லுங்கன்னு கேட்டப்போ, பிரச்சினையக் கையில எடுத்தவர் ஹம்ஃப்ரி டேவி. மயக்க மருந்து டாக்டர்களுக்கு இவரத் தெரிஞ்சிருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு வலிய மழுங்கடிக்குது, அறுவை சிகிச்சைக்கு உதவலாம்னு 1800-லயே எழுதினவர்.

1824-ல டேவி சொன்ன வைத்தியம் ரொம்ப எளிமை. செம்போட ஒரு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ சேத்து வைங்க. உப்புத் தண்ணி முதல்ல அதத்தான் அரிக்கும், செம்பு தப்பிச்சிரும். அண்ணனுக்குப் பதிலா தம்பி அடி வாங்குற மாதிரி.

வேலையும் செஞ்சுச்சு. செம்பு அரிக்கல. ஆனா ஒரு பக்கவிளைவு. செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரையறதாலதான் பாசியும் கொட்டலசும் கப்பல்ல ஒட்டாம இருந்திருக்கு. கரையறது நின்னதும் அதுங்க ஒட்டிக்கிச்சு, கப்பல் வேகம் குறைஞ்சு போச்சு. கடற்படை அந்தத் திட்டத்தையே கைவிட்டுருச்சு.

எந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. டாக்டர்களுக்கு இது புதுசில்ல.

ஆனா டேவியோட யோசனை சாகல. 1837-ல ஸ்தானிஸ்லாஸ் சோரெல்ங்கிற பிரெஞ்சுக்காரர் இரும்ப உருகின துத்தநாகத்துல முக்கி எடுக்குறதுக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம வீட்டு ஜிஐ பைப், தகரக் கூரை எல்லாம் அந்த வழி வந்ததுதான்.

5/
அடுத்த பாத்திரம் வெடிமருந்து.

1846-ல ஷான்பைன்ங்கிற வேதியியலாளர் பஞ்ச அமிலத்துல ஊற வெச்சு கன்காட்டன் செஞ்சார். தீ பட்டா குப்புன்னு பத்திக்கும். இத ஈதர்லயும் ஆல்கஹால்லயும் கரைச்சா பாகு மாதிரி ஒரு திரவம் வரும். பேரு கொலோடியன். 1848-ல பாஸ்டன்ல மேனார்டுங்கிற ஒருத்தர், காயத்து மேல தடவினா காஞ்சு தோல் மாதிரி ஒட்டிக்குதுன்னு எழுதினார். திரவ பேண்டேஜ்! இன்னைக்கும் மரு மேல தடவக் கொடுக்குற பல மருந்துகள்ல இதுதான் அடிப்படை.

இப்ப காருக்கு வருவோம். ஆரம்ப கால கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடிக்கிற வார்னிஷ்தான். கையால அடிச்சு, காய வெச்சு, தேச்சு, மறுபடி அடிச்சு முடிக்க வாரக்கணக்கு ஆகும். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரைக்கும் கருப்புல மட்டும்தான் வந்துச்சு. கருப்பு மலிவு, உறுதியும் கூட.

1923-ல டூபாண்ட் கம்பெனி டியூக்கோன்னு ஒரு பெயின்ட்ட ஜெனரல் மோட்டார்ஸோட ஓக்லாண்ட் காருக்குக் கொடுத்துச்சு. நீல நிறம். வாரக்கணக்குல காஞ்சது மணிக்கணக்குல காஞ்சுது. அது என்ன பொருள்? நைட்ரோசெல்லுலோஸ். கன்காட்டனோட பங்காளி. டூபாண்ட் அடிப்படையில வெடிமருந்து கம்பெனி, அவங்களுக்குக் கைவந்த சரக்கு அது.

ஆக, காயத்த மூடுன பொருள் 75 வருஷம் கழிச்சு கார மூடுச்சு. இத மனசுல வெச்சுக்கோங்க, இன்னொரு தடவை இதே கூத்து நடக்கப் போகுது.

6/
அந்தக் காலத்துல பெயின்ட்தான் ஒரே அரண். அது உடைஞ்சா நேரா இரும்பு. அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவுல பனிய உருக்க ரோட்ல உப்பு கொட்டுவாங்க. சில வருஷத்துலயே கதவுக்கு அடியில ஓட்டை விழும். அதுலயும் பெரிய பிரச்சினை கல் பட்ட இடம் இல்ல. ஸ்ப்ரே போய்ச் சேர முடியாத உள் இடுக்குகள். நாம வெளிப்புண்ணப் பாத்துட்டு இருப்போம், துரு உள்ளருந்து தின்னுட்டு வரும்.

1959-ல டெட்ராய்ட்ல கர்ட் ஜீபார்ட்ங்கிற ஜெர்மானிய மெக்கானிக்கோட முறை தொழிலா மாறுச்சு. காரோட உடம்புல ஓட்டை போட்டு, உள் இடுக்குல துருத் தடுப்பு மருந்த பீய்ச்சி அடிக்கிறது. அன்னைக்கு அது நியாயமான வைத்தியம். நோய் உண்மையாவே இருந்துச்சு.

அப்புறம் ஃபேக்டரிக்குள்ளயே மருந்து கண்டுபிடிச்சாங்க. 1960-களோட தொடக்கத்துல ஃபோர்டு கம்பெனி முழு உடம்பையும் பெயின்ட் தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்ச ஆரம்பிச்சது. கை போகாத இடுக்குக்கெல்லாம் பெயின்ட் போய் ஒட்டிக்கிச்சு. 1970-களோட பிற்பாதியில இன்னும் உறுதியான வகை வந்துச்சு. அதே காலத்துல போர்ஷே 911, அப்புறம் 1980-கள்ல ஆடி 100ன்னு முழு உடம்புக்கும் துத்தநாகப் பூச்சு வந்துச்சு. டேவியோட தம்பி மறுபடி வேலைக்கு வந்தாச்சு.

இதுல அழகு என்னன்னா, கல் பட்டு இரும்பு வரைக்கும் பெயர்ந்தாலும் புண்ணச் சுத்தி இருக்குற துத்தநாகம் முதல்ல கரைஞ்சு இரும்பக் காப்பாத்தும். சின்னக் காயம்னா துரு பரவ ரொம்ப நாள் ஆகும்.

நோய் குறைஞ்சிருச்சு. ஆனா நோயோட பயத்த வெச்சு நடந்த வியாபாரம் குறையல. அமெரிக்காவுல வண்டி விக்கிறவங்க "அடியில பூச்சு அடிச்சுக்கோங்க"ன்னு கூடுதலா பில் போடுறது பின்னாடி ஜோக்காவே ஆயிருச்சு. நம்ம ஷோரூம்ல இன்னைக்குக் கேக்குறது அந்த வசனத்தோட தமிழ் டப்பிங்.

7/
சரி, அந்த பிலிம்? அதுக்கு வருவோம்.

1937-ல ஜெர்மனியில ஓட்டோ பேயர் பாலியூரிதேன் கண்டுபிடிச்சார். ஆஸ்பிரின் பேயர் கம்பெனியில வேலை பாத்தவர், பேரும் பேயர், ஆனா அந்தக் குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல! இந்தப் பொருளோட குணம் ரப்பர் மாதிரி. அடிச்சா உடையாது, உள்வாங்கிட்டுத் திரும்பி வரும்.

வியட்நாம் போர்க் காலத்துல ஹெலிகாப்டர் இறக்கைகளோட முன்விளிம்ப மணலும் கல்லும் அரிச்சப்போ, 3எம் கம்பெனியோட பாலியூரிதேன் டேப்ப ஒட்டினாங்கன்னுதான் இந்தத் தொழில்ல இருக்குறவங்க கதைய ஆரம்பிப்பாங்க. அங்கருந்து ரேஸ் காருக்கு வந்து, 1990-கள்ல சாதாரண காருக்கும் வந்துச்சு. அப்போ வந்தது வெயில்ல மஞ்சளாகும், ஓரம் உரியும். இப்ப வர்ற நல்ல பிலிம் அப்படி இல்ல. லேசான கீறல் வெயில் சூட்டுல தானாவே மறையும்.

இன்னொரு பக்கம், 1970, 80-கள்ல இதே பாலியூரிதேன் மெல்லிய படலமா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. அட்மிட் ஆகி ட்ரிப்ஸ் போட்டவங்க கையப் பாத்திருப்பீங்க. ஊசி மேல கண்ணாடி மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்ல? அதேதான். உங்க பானெட் மேல ஒட்டுறது அதோட தடிச்ச அண்ணன்.

காயத்துக்கும் காருக்கும் ஒரே மருந்து. ரெண்டாவது தடவை!

8/
இப்ப நேரா விஷயத்துக்கு வருவோம்.

செராமிக் கோட்டிங்: தடிமன் ஒண்ணு ரெண்டு மைக்ரான். தண்ணி முத்து முத்தா உருளும், அழுக்கு ஒட்டாது, பளபளப்பு நிக்கும். கல்ல நிறுத்தாது. நிறுத்தவும் முடியாது. அது சன் ஸ்க்ரீன், ஹெல்மெட் இல்ல. நான் ஏமாந்தது இங்கதான்.

பிபிஎஃப்: 150 முதல் 200 மைக்ரான். பெயின்ட்டோட மொத்தத் தடிமன விட அதிகம். சின்னக் கல்லோட அடிய உண்மையாவே வாங்கிக்கும். கூர்மையான பெரிய கல் வேகமா வந்தா இதுவும் கிழியும். வண்டி மேலயே வெச்சு பிளேடால அறுக்குறவங்ககிட்ட கொடுத்தா, கல் போடாத கோட்ட அவங்க போட்டுருவாங்க. மெஷின்ல வெட்டிக் கொண்டு வந்து ஒட்டுறவங்களா பாருங்க.

கல் எங்க படும்? பம்பர், பானெட்டோட முன்பக்கம், சைடு கண்ணாடியோட முகம், டயருக்குப் பின்னாடி கதவுக்குக் கீழ. கூரைக்கும் டிக்கிக்கும் பிலிம் ஒட்டுறது, கால்ல அடிபடும்னு தலைக்கும் மாவுக்கட்டு போடுற கதை. அதுலயும் நிறைய வண்டிகள்ல பம்பர் பிளாஸ்டிக். துருப்பிடிக்கவே பிடிக்காது.

வேகமும் முக்கியம். அடியோட சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 60-ல போறதுக்குப் பதிலா 100-ல போனா, அடி கிட்டத்தட்ட 2.8 மடங்கு.

9/
அப்ப யாருக்குத் தேவை? நோயாளியப் பாத்துத்தான் மருந்து.

தினமும் ஹைவேஸ், விலை கூடுன வண்டி, பல வருஷம் வெச்சுக்கப் போறீங்க, பணம் ஒரு பாரமில்ல: முன்பக்கம் மட்டும் பிலிம் ஒட்டலாம். சந்தோஷமா ஒட்டுங்க.

ஊருக்குள்ள ஓட்டுற வண்டி, அஞ்சு வருஷத்துல மாத்திருவீங்க: தேவையில்ல.

கடலோர ஊரு, உப்புக் காத்து: பிலிம் இல்லாட்டியும் பரவால்ல, ஆனா கல் பட்ட இடத்த அப்படியே விடாதீங்க. எல்லா கம்பெனியும் எல்லாத் தகட்டுக்கும் துத்தநாகம் அடிக்கிறது இல்ல. வண்டியோட கலர் கோடு ஸ்டிக்கர்ல இருக்கும். அதே கலர் டச்சப் பாட்டில் சில நூறு ரூபாதான். கழுவி, காய வெச்சு, இரும்பு தெரிஞ்சா முதல்ல பிரைமர், அப்புறம் பல்குத்தும் குச்சி முனையால ஒரு சொட்டு. டிஞ்சர் வைக்கிற மாதிரி. முடிஞ்சுது.

எல்லாருக்கும் பொதுவான இலவச மருந்து ஒண்ணு இருக்கு: ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர் பின்னாடி ஒட்டிட்டுப் போகாதீங்க. பெயின்ட்ட விட முன்கண்ணாடிக்கும் உங்க கண்ணுக்கும் அது நல்லது.

10/
அண்ணன்கிட்ட இவ்வளவும் சொல்லல. ரெண்டே கேள்வி கேட்டேன்.

"அண்ணே, வண்டியில புள்ளி விழுந்தா சவாரி வராதா?"
சிரிச்சார். "அதெல்லாம் யாரு சார் பாக்குறா, ஏசி ஓடுதான்னுதான் பாப்பாங்க."

"கண்ணுல சுகர் இறங்கிட்டா?"
கொஞ்ச நேரம் பேசல.

முன்பக்க பிலிமும் வேணாம்னு அவரே முடிவு பண்ணார். ஒரு டச்சப் பாட்டில் வாங்கி டேஷ்போர்டுல போட்டுக்கிட்டார். நேத்து கண் டாக்டர்கிட்டருந்து ரிப்போர்ட்டோட வந்தார். விழித்திரையில ஆரம்ப நிலை மாற்றம் இருக்கு, சுகரக் கட்டுக்குள்ள வெச்சா சமாளிக்கலாம். இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பிடிக்கல.

கெளம்பும்போது என் வண்டி பானெட்ல இருந்த அந்த வெள்ளைப் புள்ளியப் பாத்துட்டார்.

"என்ன சார், இன்னும் பெயின்ட் வைக்கலையா? இந்தாங்க"ன்னு பாட்டில நீட்டினார். அவர் வண்டி வெள்ளை, என் வண்டி சிவப்பு. 😄

அப்படியே விட்டுட்டேன். 22 ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கின பாடம், கண்ணுக்கு எதுக்கவே இருக்கட்டும்.